ஞானப்பல் எடுத்த பிறகு வரும் மூன்றாம் நாளைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஞானப்பல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல் ஏன் குறுக்காக முளைக்கிறது, பக்கத்துப் பல்லை எப்படி முட்டிக் கெடுக்கிறது, 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் ஏன் இந்தத் தொல்லை அதிகம், எப்போது எடுக்க வேண்டும், எப்போது சும்மா விட்டுவிடலாம் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. எழுதியவருக்கு நன்றி. ஆனால் பல்லை எடுத்த பிறகு என்ன ஆகும் என்பதை மட்டும், இரண்டு மூன்று நாளில் வலி குறைந்து வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாது என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

ஏனென்றால் நானும் அந்த ஒரு வரியை நம்பியவள்தான். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் படுத்துக் கிடந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் இடது பக்கத்துப் பல் முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் வேரைப் போய் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்றார்கள், சரி என்றேன். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் கடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு வலியே இல்லை, அழுத்தமும் சத்தமும் மட்டும்தான். மருத்துவரின் கைத்திறனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறை அதற்குப் பிறகு நடந்ததில்தான். தையல் போட்டு, இரண்டு பக்கமும் காஸ் துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, நான் எழுந்து நிற்கும்போதே ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். எச்சில் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் வேண்டாம், இந்த மாத்திரை மூன்று வேளை, அது இரண்டு வேளை. எனக்கு உதடும் நாக்கும் மரத்துப்போய், தலை கிறுகிறுத்து, வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க முடியாத நிலை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதைப் புரிந்துகொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார். என் கணவர் அப்போது வெளியே பணம் கட்டிக்கொண்டிருந்தார், அவர் காதில் எதுவுமே விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் தப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தத் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தது. ரத்தம் நின்றுவிட்டதா இல்லையா என்று ஒரு பதற்றம். ஒவ்வொரு முறையும் சிவப்பாகவே வந்தது. உடனே புதுத் துணி வைத்தேன், பிறகு துப்பினேன், பிறகு பயந்தேன். எச்சிலோடு ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே வாய் முழுக்க ரத்தம் போலத்தான் தெரியும், முதல் 24 மணி நேரம் லேசாகக் கசிந்துகொண்டிருப்பது இயல்பு, துணியை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எடுக்காமல் இறுக்கிக் கடித்திருந்தாலே பெரும்பாலும் நின்றுவிடும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்படியும் நிற்கவில்லை என்றால் சுத்தமான துணியை ஈரமாக்கி மடித்து, சரியாகக் குழியின் மேல் படும்படி வைத்து மறுபடியும் அரை மணி நேரம் கடிக்க வேண்டும். நான் வைத்த துணி பல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்ததே தவிர குழியின் மேல் அழுந்தவே இல்லை.

அந்தக் குழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் தாளில் எழுதியிருக்கும் மற்ற எல்லாக் கட்டுப்பாடும் தானாகப் புரிந்துவிடும். பல் இருந்த இடத்தில் எலும்புக்குள் ஆழமாக ஒரு குழி விழுகிறது. அதில் ரத்தம் நிரம்பி, உறைந்து, கருஞ்சிவப்பாக ஒரு கட்டியாக நிற்கிறது. கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. அதன் வழியாகத்தான் புதுச் சதை வளர்ந்து வருகிறது. ஈறு மூடி வர மூன்று நான்கு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். இத்தனைக்கும் அடித்தளம் அந்த ஒரு ரத்தக்கட்டி. ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வாய்க்குள் ஏற்படும் இழுப்பில் அது பிடுங்கிக்கொண்டு வரலாம். காறித் துப்பினாலும், முதல் நாளே வேகமாகக் கொப்பளித்தாலும் அதே கதைதான். சிகரெட் பிடிப்பவர்களுக்கு உறிஞ்சும் இழுப்பும் உண்டு, புகையால் ரத்த ஓட்டமும் குறையும், இரண்டும் சேர்ந்து கெடுக்கும். குறைந்தது மூன்று நாள் தொடவே கூடாது, ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் மிகவும் நல்லது. ரத்தக்கட்டி என்று ஒன்று இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று யாராவது எனக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு அத்தனை முறை துப்பியிருக்க மாட்டேன்.

வீக்கத்தைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு கன்னம் லேசாகத்தான் உப்பியிருந்தது, பரவாயில்லை என்று படுத்தேன். அடுத்த நாள் இன்னும் பெரிதானது. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை, தாடை எலும்பின் கோடே காணாமல் போய்க் காதுக்குக் கீழிருந்து கழுத்து வரை ஒரே சமமாக இருந்தது, இடது கன்னத்தில் மஞ்சளும் ஊதாவும் கலந்து கன்றிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு விரல்கூட நுழையவில்லை. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் வீக்கம் இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், அதற்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கும். எலும்பைக் கடைந்து எடுத்த பல் என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதும் ஒரு வாரம், பத்து நாள் வரை இருக்கும். மெல்லும் தசையும் அதைச் சுற்றிய இடமும் புண்பட்டிருப்பதால் வருவது, மெதுவாகச் சரியாகிவிடும். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் 20 நிமிடம் வைப்பது, 20 நிமிடம் எடுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். தூங்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழிந்தபின் ஐஸால் பெரிய பயன் இல்லை, அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் தசையைத் தளர்த்தும். நான் ஐஸை மூன்றாம் நாள்தான் தேடி எடுத்தேன்.

மாத்திரை விஷயம் இன்னும் வருத்தம் தருவது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சிரிப்பூட்டும் வாயுவைத் தானே சுவாசித்துவிட்டு, சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு தன் பல்லைப் பிடுங்கச் செய்து, வலி தெரியவில்லை என்று கண்டார். மயக்க மருந்தின் வரலாறே பல் பிடுங்கும் நாற்காலியை ஒட்டித்தான் நகர்ந்திருக்கிறது. இன்றைக்கும் ஒரு புது வலி மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று சோதிக்க ஆய்வாளர்கள் அதிகம் நாடுவது ஞானப்பல் எடுத்தவர்களைத்தான், ஏனென்றால் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள், வலி எப்போது தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரியும், எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதும் ஓரளவு தெரியும். இவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கப்பட்ட ஒரு வலியைப் பற்றி, அதை அனுபவிக்கப் போகிறவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் சொல்லாமல் அனுப்புகிறோம்?

அந்த ஆய்வுகள் சொல்வதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, கீழ் ஞானப்பல் எடுத்தபின் வரும் வலிக்கான மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 1000 மில்லிகிராமைவிட நன்றாக வேலை செய்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக இருக்கிறது என்பதுதான் அதில் கண்டது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இப்யூபுரூஃபனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது, சளி மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். இதெல்லாம் மருத்துவர் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு: முதல் மாத்திரையை மரப்பு விடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும், மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். வலிக்கவில்லையே, எதற்கு மாத்திரை என்று நான் இருந்தேன். சாயங்காலம் மரப்பு விட்டபோது இரண்டு தாடையும் ஒரே நேரத்தில் விண்விண்ணென்று தெறித்தது, அன்று இரவு முழுக்க மாத்திரை வலியைத் துரத்திக்கொண்டே ஓடியது, பிடிக்கவே முடியவில்லை.

இப்போது மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் மாலை வலது பக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. இடது பக்கமும் அடங்கித்தான் இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது, மதியம் மாத்திரை போட மறந்துகூடப் போனேன். இரவு பத்து மணிக்கு மேல் இடது பக்கம் திரும்பவும் ஆரம்பித்தது. முதல் நாள் வலி ஈறில் இருந்தது, வெட்டுக்காயம் போல. இது வேறு. குழிக்குள்ளிருந்து கிளம்பி, காதுக்குள் கம்பியை விட்டுத் திருகுவது போல ஏறி, நெற்றிப்பொட்டு வரை போய் அங்கேயே நின்றது. வாயில் அழுகிய ஒரு சுவை, என் மூச்சு எனக்கே நாறியது. இரண்டு மாத்திரை போட்டும் ஒன்றும் ஆகவில்லை. விடிய விடியச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் என்ன செய்திருக்க வேண்டும்? மருத்துவமனைக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. பல் எடுத்தால் வலிக்கத்தானே செய்யும் என்று பொறுத்தேன். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள், அன்போடுதான் சொன்னார்கள். அப்படியே இன்னும் நான்கு நாள் போனது.

ஏழாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு ஒரு நொடி பேசாமல் இருந்தார். "முதல் நாளே வந்திருக்கலாமே அம்மா, ஏன் இவ்வளவு நாள் பொறுத்தீங்க?" என்றார். ரத்தக்கட்டி போய்விட்டிருந்தது. குழியின் அடியில் எலும்பு அப்படியே வெளியே தெரிந்தது, கண்ணாடியில் காட்டினார், சாம்பல் வெள்ளையாக ஒரு துண்டு. டிரை சாக்கெட், அதாவது ரத்தக்கட்டி போய் வறண்டுபோன குழி என்றார். 1896இல் கிராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் இந்தப் பெயரில் இதைப் பற்றி எழுதினார், அன்றிலிருந்து அதே பெயர்தான். எடுக்கப்படும் எல்லாப் பற்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை இப்படி ஆகிறது, கீழ் ஞானப்பல் என்றால் அதைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்தான் தலைகாட்டும். புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், சிரமப்பட்டு எடுக்க வேண்டியிருந்த பற்களுக்கும் வாய்ப்பு கூடுதல். சில சமயம் யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே உறைந்த ரத்தம் தானாகக் கரைந்தும் போய்விடும், அதனால் இது வந்தவர்களைப் பார்த்து நீ என்ன செய்தாய் என்று கேட்பது நியாயமில்லை.

சிகிச்சை என்ன தெரியுமா? உப்புநீரால் குழியை மெதுவாகக் கழுவினார். கிராம்பு எண்ணெயின் சத்து கலந்த மருந்துத் துணியை உள்ளே வைத்தார். மொத்தமே பத்து நிமிடம். அன்று வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வலி பாதியாகிவிட்டது, அன்று இரவு நான் படுத்துத் தூங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போய் மருந்தை மாற்றிக்கொண்டேன், புண் ஆற இன்னும் இரண்டு வாரம் ஆனது. பத்து நிமிட வேலைக்காக நான்கு நாள் நான்கு இரவு, ஆசிரியர் அவர்களே. ஆறிக்கொண்டு வந்த வலி திரும்பி ஏறினால் உடனே வா, அது பொறுக்க வேண்டிய வலி இல்லை என்ற ஒரு வாக்கியம் எனக்குத் தெரியாமல் போனதால் வந்தது. கிராம்பு எண்ணெய் என்று சொன்னதும் யாரும் தாங்களே ஊற்றிக்கொள்ள வேண்டாம். புதுப் புண்ணில் நேரடியாகப் பட்டால் அது சதையைச் சுட்டுவிடும், மருத்துவர் வைக்கும் மருந்தும் பாட்டில் எண்ணெயும் ஒன்றல்ல.

அடுத்த வருடம் என் மகளுக்கு 19 வயதில் நான்கு ஞானப்பல்லும் எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை நான் முதல் நாளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன், ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும், எது வந்தால் பயப்பட வேண்டாம், எது வந்தால் கூப்பிட வேண்டும் என்று நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அவளுக்கும் கன்னம் உப்பியது, அவளுக்கும் வாய் திறக்கவில்லை, ஆனால் அவள் பயப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து தாளில் விரல் வைத்து, "இன்னைக்குத்தான் அதிகம்னு போட்டிருக்கு, நாளைக்கு இறங்கும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு முறை மட்டும் அலறினாள். ஐந்தாம் நாள் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, "அம்மா, சீழ் வெச்சிருச்சு" என்று ஓடி வந்தாள். குழியின் மேல் வெள்ளையாக, கொஞ்சம் மஞ்சளாக ஒரு படலம். என் தாளில் இது இல்லை, போனில் கேட்டேன். அது ஆறும் புண்ணின் மேல் படியும் படலம், முழங்காலில் சிராய்த்தால் பொருக்கு கட்டுகிறதே, வாய்க்குள் ஈரமாக இருப்பதால் அது இப்படி வெள்ளையாகத் தெரிகிறது, சுரண்டி எடுத்துவிடாதீர்கள் என்றார்கள். எத்தனை பேர் இதைச் சீழ் என்று நினைத்துப் பஞ்சாலும் நகத்தாலும் சுரண்டியிருப்பார்களோ. வலி கூடாமல், காய்ச்சல் இல்லாமல், நாற்றம் இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அது ஆறுகிறது என்று அர்த்தம்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மெல்லத் தேவையில்லாததாக, ஆறியதாக, காரமில்லாததாக இருந்தால் போதும், கரண்டியால் சாப்பிட வேண்டும். விதையும் பொடிப்பொடியாக உதிர்கிறதும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் இரண்டு வாரம் தவிர்க்கலாம். மரப்பு விடும்வரை எதையும் மெல்லக் கூடாது, உதட்டையோ கன்னத்தையோ கடித்துக்கொண்டாலும் அப்போது தெரியாது. ஆனால் சாப்பிடாமலே இருந்துவிடக் கூடாது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு என் மகள் இரண்டாம் நாள் வாந்தி எடுக்கப் போனாள், பிடித்து உட்கார வைத்து நாலு கரண்டி ஊட்டினேன், சரியானது.

வாய் சுத்தம்தான் பலர் பயந்துபோய் விட்டுவிடும் விஷயம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது என்றால் ஒரு வாரமும் கொப்பளிக்கக் கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாயில் வைத்துத் தலையை மட்டும் அப்படியும் இப்படியும் சாய்த்து, துப்பாமல் வாயைத் திறந்து தானாக வழிய விட வேண்டும். மற்ற பற்களை வழக்கம்போல் பிரஷ் செய்ய வேண்டும், புண் பக்கம் மட்டும் நெருங்காமல். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் கொடுத்திருந்தால் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும். ஒரு வாரம் கழிந்தபின் கீழ்க் குழியில் சாப்பாடு மாட்டிக்கொண்டே இருக்கும், வளைந்த நுனி உள்ள ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து மெதுவாக அடித்துக் கழுவ மருத்துவரே சொல்லித் தருவார். என் மகளுக்கு மூன்று வாரம் இது தினசரி வேலையாக இருந்தது.

மேல் ஞானப்பல் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த வேர் மூக்கை ஒட்டிய சைனஸ் அறைக்குப் பக்கத்தில் இருக்கும். சில நேரம் எடுக்கும்போது நடுவில் மெல்லிய இடம் திறந்துகொள்ளும். அப்படி மருத்துவர் எச்சரித்தால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கீழ்ப்பல் என்றால் உதட்டுக்கும் தாடைக்கும் போகும் நரம்பும், நாக்குக்குப் போகும் நரம்பும் பக்கத்தில் ஓடுகின்றன. அடுத்த நாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலும் வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும், நிரந்தரமாக நின்றுவிடுவது மிகவும் அரிது. மாதம் கழித்து ஈறில் குத்தும்படியாக ஊசி முனை போல ஒரு எலும்புச் சில்லு தலைகாட்டினாலும் பல்லை மிச்சம் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அது பெரும்பாலும் தானாக வந்துவிடும், தொந்தரவு கொடுத்தால் எடுத்துவிடுவார்கள்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது, இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். துணியை இறுக்கிக் கடித்தும் ரத்தம் நிற்காமல் வாய் நிரம்பிக்கொண்டே இருப்பது. வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்காமல் ஏறுவது, அல்லது இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுவது. குளிரும் காய்ச்சலும். சீழ் வடிவது. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் கல் போல வீங்குவது, மூச்சு விடச் சிரமப்படுவது. கடைசியாகச் சொன்ன மூன்றில் ஒன்று வந்தாலும் பல் மருத்துவமனை திறக்கும் நேரத்துக்காக உட்கார்ந்திருக்காமல் நடு இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். கிருமி தாடைக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், அது உயிர் விஷயம்.

இதில் பல் மருத்துவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன், உங்கள் பக்கத்தைப் படிக்கிறவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். இந்த விவரங்களைப் பல் எடுத்த பிறகு சொல்லாதீர்கள். முன்னால், எக்ஸ்ரே பார்த்துத் தேதி குறிக்கிற அன்றே, வாய் மரக்காமல் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கும்போது சொல்லுங்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். தாளில் செய்யாதே, செய்யாதே என்று மட்டும் இல்லாமல் எது இயல்பு, எது இயல்பில்லை என்று நாள் போட்டு எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். முடிந்தால் மூன்றாம் நாள் ஒரு போன். உங்களுக்கு இரண்டு நிமிடம்தான், என்னைப் போன்றவர்களுக்கு அது நான்கு இரவு. வேலை கொடுப்பவர்களும் யோசிக்க வேண்டும், பல் எடுக்க ஒரு நாள் விடுப்பு கேட்டவர் மூன்றாம் நாள் முகம் வீங்கிப் பேச முடியாமல் வந்து உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. எலும்பைக் கடைந்து எடுத்த பல் என்றால் மூன்று நான்கு நாளாவது ஓய்வு வேண்டும், பாரம் தூக்குவதும் ஓடுவதும் அதற்கும் மேல் சில நாள் கூடாது.

உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் சிலர் அடுத்த வாரமே பல் எடுக்கப் போகலாம். அதனால் அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, எடுத்த பிறகு ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்பதை மட்டும் வைத்து இன்னொரு கட்டுரை போடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். மகளுக்காக நான் எழுதி ஒட்டிய தாள் பத்திரமாக இருக்கிறது, ஓரத்தில் அவள் கைப்பட எழுதிய குறிப்புகளோடு, அந்த வெள்ளைப் படலம் உட்பட. வேண்டும் என்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன். ஒரு பல் மருத்துவரிடம் காட்டித் திருத்தி, அப்புறம் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பல வருடங்களாக உங்கள் இதழைப் படிக்கும் ஒரு வாசகி